பாவனையும் பிரதிமையும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருந்தெருவில் ஏறாவூரையும் செங்கலடியையும் வந்தாறுமூலையையும் மாவடிவேம்பையும் கடந்து வடக்கே வருவோர்க்குச் சித்தாண்டி முதலில் ஒரு கோயிலாகவே அறிமுகமாகும். மேற்கே சந்தனமடு ஆற்றுக்கு அப்பால் வயலில் உழைப்போரும், மேய்ச்சல் தரைகளில் மாடு காப்போரும், கல்வியும் தொழிலும் தேடி வெளியூர் சென்றோரும், கடல் கடந்து குடியேறினோரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து கைகூப்பி நிற்க விரும்பும் சந்நிதி, அங்கே எழுந்தருளியிருக்கும் சித்திரவேலாயுத சுவாமியின் சந்நிதி. அதன் மயில்கட்டுத் திருவிழாவைக் கிழக்கிலங்கையில் அறியாதார் சிலரே. இவ்வட்டாரத்துப் பழைய முருகன் தலங்களைச் சற்று ஊன்றி நோக்குவோர் ஒரு விசேஷத்தைக் காணாதிருக்க முடியாது. மூலத்தானத்தை நெருங்க நெருங்க உருவங்கள் குறைகின்றன; அதைவிட்டு விலக விலகப் பெருகுகின்றன. கருவறையில் பல இடங்களில் வேல் ஒன்றே வணங்கப்படுகிறது. அதுவும் சில தலங்களில் திரைக்குப் பின்னே மறைந்திருக்கிறது. வெளியே வந்தால் தூணிலே யாளி, தோரணத்திலே மகரம், வாகனசாலையிலே மயிலும் ஆட்டுக்கடாவும் பூதமும், பெண் முகமும் பசுவுடலும் சிறகும் தோகையும் பூண்ட காமதேனுவும், எல்லாம் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக வர்ணம் பொலிந்து நிற்கின்றன.

இல்லாத உயிர்களை இவ்வளவு சிரத்தையோடு ஏன் செய்கிறோம்? எவரும் எக்காட்டிலும் கண்டிராத யாளிக்குப் பிடரி எவ்வாறு சுருள வேண்டும், கோரைப்பல் எவ்வளவு நீள வேண்டும், துதிக்கை எப்பக்கம் வளைய வேண்டும் என்று ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கவலைப்பட்டு வந்திருக்கிறதென்றால், அது வெறும் அலங்கார ஆசையா, அன்றி மெய்ப்பொருளைத் தேடும் முயற்சியின் ஓர் அங்கமா? சைவராகிய நாம் இவ்வினாவை வழக்கமாகக் கேட்பதில்லை. பழகிய கண்ணுக்கு வாகனசாலை விளக்கம் வேண்டாத இடம். என் உள்ளத்தில் அவ்வினாவைத் தோற்றுவித்தது, கோயிலோடு யாதொரு சம்பந்தமும் அற்றதாகக் காணப்படும் ஒரு மேனாட்டுப் பொழுதுபோக்கு: கற்பனைக் கதைகளில் வரும் வீரரும் அரக்கரும் நாகங்களும் பூதங்களுமாகிய சின்னஞ்சிறு உருவங்களுக்கு வர்ணம் தீட்டி, அவற்றை நிழற்படமெடுத்து மகிழ்தல்.

அதன் வரலாறு மிக நீண்டதன்று. ஈயத்தாற் செய்த போர்வீரரை வைத்து விளையாடுவது ஐரோப்பியச் சிறுவர்க்குப் பழைய வழக்கம். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் அவ்விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ என்றொரு நூலே எழுதினார். டோல்கீனுடைய பெருங்கதை 1954இலும் 1955இலும் வெளிவந்தபின் அத்தகைய மாய உலகங்களின்மேல் எழுந்த ஆவல் பரந்தது. 1974இல் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டும், 1983இல் இங்கிலாந்தில் ‘வார்ஹாமர்’ என்னும் விளையாட்டும் தோன்றின. விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட உருவங்கள் காலப்போக்கில் விளையாட்டை விட்டுப் பிரிந்து தாமே ஒரு கலையாயின. ஆடாமல் தீட்டுவதையே விரதமாகக் கொண்டவர் இன்று உலகெங்கும் இருக்கின்றனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் நம் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு.

அவ்வுருவம் பெரும்பாலும் உள்ளங்காலிலிருந்து கண்மட்டம் வரை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுடையது. வார்ப்பின் விளிம்புகளில் எஞ்சிய பிசிறுகளைக் கத்தியால் நீக்கிக் கழுவி, வர்ணம் பிடிப்பதற்காக முதலில் கறுப்போ சாம்பலோ வெள்ளையோ ஓர் அடிப்பூச்சு இடுகிறார்கள். அதன்மேல் ஆடைக்கும் தோலுக்கும் இரும்புக்கும் உரிய வர்ணங்களைத் தண்ணீர் கலந்து மெல்லிய படைகளாக ஏற்றுகிறார்கள். பின்பு மிக ஐதான கருநிறக் குழம்பை உடலெங்கும் ஓடவிட, அது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தானாகச் சென்று தேங்கி நிழலாகிறது. தூரிகையை ஏறக்குறைய உலர்த்திக்கொண்டு மேடுகளின்மேல் மட்டும் வெளிர்நிறத்தைத் தடவினால் வெளிச்சம் பிறக்கிறது. இயற்கை வெளிச்சம் அவ்வளவு சிறிய பொருளில் நிழலை உண்டாக்கப் போதாது என்பதனால், வெளிச்சத்தையும் நிழலையும் தீட்டுபவரே கற்பித்து எழுத வேண்டியிருக்கிறது. எல்லாம் முடிந்தபின், அல்லது சிலர் முறைப்படி எல்லாவற்றுக்கும் முன், கண். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், மூச்சை அடக்கி, நாலைந்து மயிர்களே உடைய தூரிகையின் நுனியால் முதலில் வெள்ளையும் அதன்மேல் ஒரு கரும்புள்ளியும் வைக்கவேண்டும். புள்ளி மயிரிழை விலகினாலும் வீரன் பித்தனாகிவிடுவான். மணிக்கணக்கான உழைப்பு அந்த ஒரு கணத்தில் உயிர் பெறுகிறது, அல்லது கெடுகிறது.

நிழற்படம் எடுப்பதும் அதே நியமத்தோடு நிகழ்கிறது. இருபுறமும் விளக்கு வைத்து, வெண்டுணியாலோ தாளாலோ அதன் கடுமையைத் தணித்து, பின்னால் மங்கிய திரை அமைத்து, கருவியை முக்காலியில் நிறுத்துகிறார்கள். பொருளை மிக நெருங்கிய ஆடியில் துலக்கமாக விழுவது ஒரு மெல்லிய தளமே. கண் தெளிந்தால் நீட்டிய வேலின் முனை மங்கும், வேல்முனை தெளிந்தால் கண் மங்கும். ஆதலால் துவாரத்தைச் சுருக்கியும், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களெடுத்து ஒன்றாக இணைத்தும் முழு உருவத்தையும் தெளிவாக்க முயல்கிறார்கள். ஒன்றையே தெளிவாக்க முடியுமாயின் எதைத் தெரிவது என்று அவர்களைக் கேட்டால், கண்ணை என்றே சொல்வார்கள். எனக்கு இது மிகப் பெரிய செய்தியாகத் தோன்றியது. சமயமென்பதை நினையாமலே அக்கலைஞரும் நம் ஸ்தபதியரும் ஒரே இடத்தை வந்தடைகிறார்கள்.

எனக்கு இவற்றையெல்லாம் சொல்லித்தந்தவன் இலண்டனில் பிறந்து வளர்ந்த உறவினர் மகன் ஒருவன். திருவிழாவுக்காக வந்திருந்த அவன் வாகனங்களின் முன் நெடுநேரம் நின்றான். பிறர் மயிலின் கம்பீரத்தைப் பார்க்க, அவன் அதன் கண்ணிமையின் ஓரத்தில் ஓடிய சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஆரு மாமா இந்தக் கண்ணைக் கீறின?” என்று கேட்டான். விடை சொல்ல எவராலும் முடியவில்லை. கடைசியாக வர்ணம் பூசியவர் பெயரைச் சிலர் சொன்னார்கள்; முதன்முதல் மரத்தைச் செதுக்கிக் கண் எழுதிய ஆசாரியார் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவனுடைய உலகத்தில் உருவத்தைத் தீட்டியவர் பெயரே முதலில் பேசப்படும். அவர் தீட்டியது அவருடைய உடைமை. நிழற்படம் அவருடைய புகழ். அப்பிள்ளையின் கேள்விக்குள் இருந்த வியப்பை நான் மதித்தேன். இக்கட்டுரை ஒருவகையில் அவனுக்கு அன்று சொல்லாத விடை.

முதலில் அளவைப் பற்றிய ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். பெருவிரலளவான பொம்மை எங்கே, தெய்வப் பிரதிமை எங்கே என்று பக்தர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் இல்லத்திலே பூசிக்கத்தக்க பிரதிமை பெருவிரற் கணு முதல் ஒரு சாண் வரையே இருக்கலாம், அதற்கு மேற்படுதல் அறிஞர்க்கு உடன்பாடன்று என்று மச்ச புராணம் விதிக்கிறது. சிறுமை ஒரு குறையாயின் இவ்விதி பிறந்திராது. மேலும், அச்சிற்றுருவங்களை வார்ப்போர் மனித உடலின் இயற்கை அளவை அப்படியே சுருக்குவதில்லை. தலையையும் கையையும் சற்றுப் பெரிதாக்குகிறார்கள், இல்லையேல் முகபாவம் கண்ணுக்கு எட்டாது. நம் சிற்ப சாத்திரமும் இயற்கையின் அளவை ஒப்புக்கொண்டதில்லை. உத்தம தசதாலமாகிய மூர்த்திக்கு 124 அங்குலம் என்றும், கணபதிக்குப் பஞ்சதாலம் என்றும் தாலமானத்தைப் பிரித்தவர்கள், காணப்படும் உடலை அளந்து அவ்விதியைச் செய்யவில்லை. காண்பவன் உள்ளத்தில் எழவேண்டிய பாவத்தை அளந்து செய்தார்கள். தொந்தியும் குறுங்காலுமாகப் பிள்ளையார் நம் முன் அமரும்போது, உடற்கூற்று நூலைக் கொண்டு அவரைச் சோதிக்க எவர்க்கும் தோன்றுவதில்லை.

அளவுக்குப் பிரமாணம் வெளியே இல்லையென்றால் எங்கே இருக்கிறது? தியானத்தில் என்பதே நம் முன்னோர் விடை. பிரதிமையைச் செய்பவன் தியானத்தினாலேயே அதனைக் கைவரப் பெறவேண்டும், நேரிற் காணும் காட்சியும் அதற்கு ஈடாகாது என்று சுக்கிரநீதி கூறுகிறது. ஒவ்வொரு மூர்த்திக்கும் வகுக்கப்பட்ட தியான சுலோகத்தை உள்ளத்தில் உருவேற்றி, கையையும் ஆயுதத்தையும் நிறத்தையும் அகக்கண்ணாற் கண்டபின்னரே உளியை எடுக்கவேண்டும். இக்கருத்தை மேலைநாட்டார்க்கு எடுத்துரைப்பதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர், இலங்கைத் தமிழ்க் குடியிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலைஞன் இயற்கையைப் பிரதி செய்பவனல்லன், தான் தியானித்ததையே ஆக்குபவன் என்று அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். அங்ஙனமாயின், ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து தான் ஒருபோதும் காணாத ஒரு நாகத்தின் செதிலுக்கு எந்நிறம் பொருந்தும் என்று சிந்திப்பது, தியானத்துக்கு எவ்வளவு தூரம்? மிகத் தூரமென்று நான் எண்ணவில்லை. உள்ளத்தை ஒரு முனையில் நிறுத்தக் கற்றவன் பாதி வழி வந்தவன்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். மூர்த்தியைத் தியானிப்பது உள்ள பொருளைத் தியானிப்பது. நாகத்தையும் அரக்கனையும் எண்ணுவது இல்லாததை எண்ணுவது. ஆகவே முன்னது சாதனை, பின்னது மயக்கம். வாதம் வலிமையானதே. ஆனால் பாவனை என்னும் செயலை நம் சமயம் அவ்வளவு எளிதாகப் பொய்யென்று தள்ளியதில்லை. பாம்பு தீண்டியவனுக்கு அருகே மாந்திரிகன் அமர்ந்து தன்னைக் கருடனாகப் பாவிக்க விஷம் இறங்குகிறது என்னும் உவமையைச் சைவ சித்தாந்த ஆசிரியர்கள் முத்திநெறியை விளக்குவதற்கே எடுத்தாண்டார்கள். மாந்திரிகன் கருடனல்லன், ஆயினும் பாவனை பயன் தருகிறது. பெரிய புராணத்துப் பூசலார் சரித்திரத்தை இன்னும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். திருநின்றவூரிலே பொருளற்ற ஓர் அந்தணர், கல்லும் சுண்ணமும் தச்சரும் எல்லாம் நெஞ்சிலேயே தேடிக்கொண்டு, நல்ல நாட் பார்த்து அடிநிலை இட்டு, இரவும் உறங்காமல் படிப்படியாக ஓர் ஆலயத்தை மனத்தில் எழுப்பி, பிரதிட்டைக்கு நாளும் குறிக்கிறார். அதே நாளிலே காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்கும் பிரதிட்டை. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, பூசலார் ஆலயத்துக்கு எழுந்தருள வேண்டியிருப்பதால் உன் நாளை மாற்றுக என்கிறான். மன்னன் ஊரெல்லாம் தேடியும் ஆலயத்தைக் காணவில்லை.

இச்சரித்திரத்தை அன்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அது சரியே, ஆயினும் எனக்கு அதிலே அதிகம் புலப்படுவது பூசலாருடைய ஒழுங்கு. மனத்தாற் கட்டுபவர் ஒரு கணத்திலே கோபுரம் நிறுத்தியிருக்கலாம், யார் தடுப்பார்? அவரோ அடித்தளத்திலிருந்து சிகரம்வரை, தூபியும் சுதையும் கூவலும் மதிலும் ஒன்றையும் விடாமல், கல்லாற் கட்டுபவர்க்கு எவ்வளவு காலம் செல்லுமோ அவ்வளவு காலமெடுத்துக் கட்டினார். கற்பனை, பொறுமையோடும் விதியோடும் கூடும்போது படைப்பாகிறது. அவை இரண்டும் இன்றித் தோன்றி மறையும்போது வெறும் மனோராச்சியமாகிறது. இல்லாத உருவத்துக்கு நாட்கணக்கில் படைமேற் படையாக வர்ணம் ஏற்றும் இளைஞனை நான் மனோராச்சியக்காரன் என்று சொல்லமாட்டேன்.

அவன் தீட்டுவது பெரும்பாலும் அரக்கரையும் பேய்களையுமே என்பதும் ஒரு குற்றச்சாட்டு. 1980களில் அமெரிக்காவிலே கிறிஸ்தவ இயக்கங்கள் சில, இத்தகைய விளையாட்டுகள் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இட்டுச்செல்லும் என்று பெருங்கிளர்ச்சி செய்தன. அவர்களுடைய அச்சத்தின் ஊற்று வேறு. நன்மையும் தீமையும் என்றென்றும் பிரிந்தே நிற்பன என்னும் கொள்கையில் வளர்ந்தவர்க்குத் தீமையின் உருவத்தை அழகாகத் தீட்டுவது ஆபத்தாகவே தோன்றும். கந்தசட்டியன்று நம் கோயில் வீதிகளில் நிகழ்வதை அவர்கள் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்! சூரனுடைய உருவத்தை எவ்வளவு ஆசையோடு செய்கிறோம்! முறுக்கிய மீசை, உருட்டிய விழி, சிவந்த உதடு, ஒளிரும் கிரீடம் என்று முருகனுக்கு ஒரு பங்கென்றால் சூரனுக்கு இரண்டு பங்கு வர்ணம். ஆனைமுகமும் சிங்கமுகமும் என்று தலை மாற்ற மாற்ற, இளைஞர்கள் தோளிலே தூக்கி ஆட்ட, சிறுவர்கள் அஞ்சியும் மகிழ்ந்தும் அவனையே பார்க்கிறார்கள். ஈழத்துச் சைவ வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு விளக்கினார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. அக்கலாசாரத்தின் உயிர்நிலை, என் சிற்றறிவுக்கு எட்டியவரையில், சூரன் அழிவதில்லை என்பதே. மாமரமாகி நின்றவன் வேலாற் பிளவுண்டு மயிலும் சேவலுமாகிறான்; வாகனமும் கொடியுமாக ஏற்கப்படுகிறான். நம் வாகனசாலையில் தோகை விரித்து நிற்கும் மயிலின் கண்ணுக்குப் பின்னாலே இருப்பவன் அவனே. பகைவனைச் சிரத்தையோடு தீட்டத் தெரியாத சமயத்துக்கு அவனை ஆட்கொள்ளவும் தெரியாது. ஆகவே அசுரனைத் தீட்டுபவனிடம் நான் கேட்கவேண்டியது, ஏன் தீட்டினாய் என்பதன்று. அவனை வேறொன்றாக மாற்றும் வேல் உன் கதையில் இருக்கிறதா என்பதே. இந்நாளைய கற்பனை உலகங்கள் பலவற்றில் போர் முடிவதேயில்லை. அரக்கர் அரக்கராகவே பிறந்து அரக்கராகவே இறக்கின்றனர். அங்கேதான் எனக்குக் குறை தோன்றுகிறது.

இனி, கண். கோயிற் பிரதிமைக்குக் கண் திறப்பது நயனோன்மீலனம் எனப்படும். உடலெல்லாம் முடிந்து பளபளத்து நின்றாலும் அதுவரை அது கல், அல்லது உலோகம், அல்லது மரம். பொன் ஊசியால் ஸ்தபதி கண்ணின் கோட்டைத் திறந்ததும், முதற் பார்வை மங்கலப் பொருள்களின்மேல் விழவேண்டுமென்று பசுவையும் கன்றையும், தானியக் குவியலையும், கன்னியரையும் காட்டுகிறார்கள். சிங்களச் சிற்பியர் புத்த பிரதிமைக்குக் கண் எழுதும் நேத்திர மங்கலத்தைக் குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே விவரித்திருக்கிறார். அங்கே கண் எழுதுபவன் பிரதிமையின் முகத்தை நேரே நோக்காமல் கண்ணாடியிலே அதன் நிழலைப் பார்த்துத் தூரிகையை நடத்துகிறான். தான் செய்த உருவத்தின் பார்வையைத் தானே தாங்கமுடியாத கணம் அது. ஈழத்துக் கும்பாபிஷேகங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு: எண்ணெய்க் காப்பு. ஊரார் அனைவரும், ஆணும் பெண்ணும் குழந்தையும், வரிசையாகச் சென்று தம் கையாலேயே மூர்த்திக்கு எண்ணெய் சாத்துகிறார்கள். அதற்குப் பின் அம்மூர்த்தியைத் தொடும் உரிமை அவர்க்கில்லை. செய்தவன் தன் உடைமையை விடுகிறான். ஊரார் தம் தொடுதலை விடுகிறார்கள். அந்த இரண்டு துறவுகளுக்கும் பின்னரே அங்கே சாந்நித்தியம் உண்டாகிறது.

விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இவ்விடத்திலேதான் காண்கிறேன். திறமையிலே வேறுபாடில்லை, மயிலின் இமைக்குச் சிவப்புக் கோடிட்ட ஆசாரியாரும் என் உறவினர் மகனும் ஒரே மூச்சடக்கத்தால் அதனைச் செய்தார்கள். உருவத்தின் உண்மை இன்மையிலும் வேறுபாடில்லை. யாளி உலகில் இல்லை, அவன் தீட்டிய நாகமும் உலகில் இல்லை. வேறுபாடு அதற்குப் பின் நிகழ்வதிலேயே: கண் திறந்தபின் ஆசாரியார் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுகிறார், பின்பு தாமும் வரிசையில் நின்று கும்பிடுகிறார். பொழுதுபோக்காளனோ கண்ணெழுதியபின் அவ்வுருவத்தைத் தன் அலுமாரியில் வைத்துக்கொள்கிறான். முன்னவருக்கு உருவம் தம்மைப் பார்க்கிறது. பின்னவனுக்குத் தான் உருவத்தைப் பார்ப்பதே எஞ்சுகிறது.

வைத்துக்கொள்ளாமையை நம் சமயம் எவ்வளவு தூரம் கொண்டுசென்றது என்பதற்குப் பாலாலயம் சான்று. கோயிலைத் திருத்தும் காலத்தில் மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு ஆகர்ஷணம் செய்து, அத்திப் பலகையிலே அவர் உருவை வர்ணத்தால் எழுதி, அப்பலகையையே மூர்த்தியாகக் கொண்டு பூசை நடத்துவார்கள். முழுத் திரளான வடிவைச் சித்திரம் என்றும், பாதி புடைத்து நிற்பதைச் சித்திரார்த்தம் என்றும், தட்டையில் எழுதியதைச் சித்திராபாசம் என்றும் பிரித்த ஆகம மரபு, அம்மூன்றினுள் கடையானதையும் தெய்வமென்று கும்பிடத் தயங்கவில்லை. திருப்பணி முடிந்ததும் பலகையின் பணியும் முடிகிறது. வர்ணம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அதனைப் போற்றிக் காப்பது நோக்கமன்று.

நிழற்படத்தைப் பற்றிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. வீதியுலாவில் உற்சவ மூர்த்தியைப் படம் பிடிக்க எவரும் தடுப்பதில்லை. மூலத்தானத்தின் முன் கருவியைத் தூக்கினால் தடுக்கிறார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது காரணமற்ற கட்டுப்பாடாகத் தோன்றுகிறது. ஆனால் அதற்குக் காரணம் உண்டு. கதிர்காமத்தில் கருவறைத் திரையிலேதான் முருகனும் தேவியரும் எழுதப்பட்டிருக்கிறார்கள், திரைக்கு அப்பால் இருப்பதைப் பக்தர் காண்பதில்லை. ஊர்வலத்தில் யானைமேற் செல்வதும் மூடிய பேழையே. படுவான்கரையில் சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூரிலும் வாய்கட்டிப் பூசை செய்வோர் திரைக்குப் பின்னாலேயே கிரியை முடிக்கிறார்கள். உருவத்தை மிகுதியாக நேசித்த மரபு, நடுவிலே ஓர் இடத்தைக் காட்சிக்குக் கொடாமல் வைத்திருக்கிறது. சித்தாண்டிக்குத் தெற்கே சிறிது தூரத்தில் ஏறாவூர்ப் பள்ளிவாசல்களில் தொழும் அயலவர், எவ்வுருவமும் இன்றியே இறைவனை வணங்குகிறார்கள். அவர்களுடைய நெறியையும் நம் கருவறையின் திரையையும் ஒருங்கே எண்ணும்போது, இரண்டுக்கும் இடையே நாம் நினைப்பதைவிடத் தூரம் குறைவு என்று எனக்குப் படுகிறது. நாமோ திரைவரைக்கும் உருவங்களோடு நடந்து செல்கிறோம். அங்கே அவற்றை விடுகிறோம். படக்கருவியால் அந்த விடுதலைச் செய்ய முடியாது; அதன் தொழில் கைப்பற்றுதல். மேலும், நிழற்படம் அளவை அழிக்கும் இயல்புடையது: பெருவிரலளவு அரக்கன் படத்தில் மலையளவாகிறான், தேரிலே வரும் மூர்த்தி கைப்பேசித் திரையில் நகத்தளவாகிறார். தன் சிறுமையை உணர்ந்து நிற்கவேண்டிய சந்நிதியில் அக்கருவியை விலக்கியது தக்கதே.

ஆனால் சந்நிதிக்கு வெளியே நிலைமை வேறு. இங்கே நான் நம்மவரைக் குறைகூறவே வேண்டியிருக்கிறது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23இல் வீசிய சூறாவளியும், பல்லாண்டுப் போரும், மாரிதோறும் பெருகும் வெள்ளமும் கண்ட இம்மாவட்டத்தில் பழைய மரவேலை எஞ்சியிருப்பதே அரிது. எஞ்சியதையும் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் அவசர அவசரமாக எனாமல் வர்ணத்தாற் பூசி மூடுகிறோம். ஒவ்வொரு பூச்சிலும் செதுக்கலின் கூர்மை மழுங்குகிறது, ஆசாரியார் எழுதிய இமைக்கோடு தடித்த கறுப்பு வளையமாகிறது, பக்தியினாலேயே அழிக்கிறோம். பிரதிமையை விட்டுவிடுவது வேறு, அதனைக் கவனியாது கெடுப்பது வேறு. முன்னது துறவு, பின்னது அசிரத்தை.

ஆதலால், கோயில்களின் பொறுப்பாளராகிய வண்ணக்கர்மாரிடமும் நிருவாகத்தாரிடமும் ஒன்று வேண்டுகிறேன். வாகனங்களுக்கு மீள வர்ணம் பூசுமுன், ஒரு நாள் அவற்றை மண்டபத்துக்கு வெளியே எடுத்து நிழலில் நிறுத்தி, நாற்புறமும் முகமும் கண்ணும் தனித்தனியே நிழற்படம் எடுக்கச் செய்யுங்கள். அருகே அளவுகோல் ஒன்று வையுங்கள். செதுக்கியவர், பூசியவர் பெயர் தெரிந்தால் எழுதி வையுங்கள். பழைய பூச்சைச் சுரண்டவும் புதியதை மெல்லிய படையாக ஏற்றவும் தெரிந்தவரிடமே வேலையை ஒப்படையுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. படங்களின் பிரதியொன்றை அங்கே சேர்த்தால் ஆராய்வோருக்குப் பயன்படும். விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளே, பெருவிரலளவு உருவத்தில் நிழலும் ஒளியும் எழுதப் பழகிய உங்கள் கையும், இரண்டு விளக்கையும் ஒரு வெண்டுணியையும் கொண்டு கண்ணைத் தெளிவாக்கத் தெரிந்த உங்கள் கருவியும் இவ்வேலைக்கு வேண்டியிருக்கின்றன. அடுத்த திருவிழாவுக்கு வரும்போது அவற்றைக் கொண்டுவாருங்கள். வண்ணக்கரிடம் அனுமதி கேட்டு, மயிலிலிருந்து தொடங்குங்கள்.